மிதக்கும் தீவும் மறக்கப்பட்ட கடனும்

பேரழிவில் சிக்கிய மக்களை அந்த அழிவு எட்டாத ஓரிடத்துக்குத் தெய்வம் கொண்டுசேர்த்துவிட்டால், அவர்கள் மீட்கப்பட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிடலாமா என்பது சமயச் சிந்தனையின் பழைய கேள்விகளுள் ஒன்று. உயிர் பிழைத்தல் வேறு, மீட்சி பெறுதல் வேறு என்பதைப் பெரும்பாலான சமய மரபுகள் ஏற்கின்றன. ஆனால் இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்க வேண்டியவர் தெய்வமா மனிதரா என்பதும், தாங்கள் எதிலிருந்து, எவருடைய இழப்பால் பிழைத்தோம் என்பதை அறியாமல் வாழ்பவர்களின் நல்வாழ்வு அறத்தின் முன் எந்த நிலையைப் பெறும் என்பதும் எளிதில் தீராத கேள்விகள். இவற்றை விரிவாக எழுப்பிப் பார்க்க இடம்தரும் அண்மைக்காலப் புனைவுகளுள் ஒன்று, ஜப்பானிய வீடியோ கேம் ஒன்றிலும் அதையொட்டிய சித்திரக்கதையிலும் வரும் ஸ்கைலாஃப்ட் என்னும் மிதக்கும் தீவு.

நிண்டெண்டோ நிறுவனம் 1986இல் தொடங்கிய 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' என்னும் விளையாட்டு வரிசையில், 2011 நவம்பரில் வீ கருவிக்காக வெளிவந்தது 'ஸ்கைவர்ட் ஸ்வார்ட்'. புஜிபயாஷி ஹிதேமாரோ இயக்கி, அவோனுமா எய்ஜி தயாரித்த இந்த விளையாட்டு, வெளியான காலத்தால் பிந்தியதாயினும் கதையின் காலத்தால் அவ்வரிசையின் மற்ற எல்லாவற்றுக்கும் முந்தியது. அந்த உலகின் தோற்றக்கதையைச் சொல்வது அதன் நோக்கம். வரிசையின் 25ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2011 டிசம்பரில் ஷோககுகான் பதிப்பகம் 'ஹைரூல் ஹிஸ்டோரியா' என்னும் பெருநூலை வெளியிட்டது. அதன் இறுதியில், இந்தத் தோற்றக்கதைக்கும் முந்திய நிகழ்வுகளைக் கூறும் 32 பக்க மங்கா ஒன்று இடம்பெற்றது. மங்கா என்பது ஜப்பானியச் சித்திரக்கதை வடிவம். இதை வரைந்த ஹிமேகாவா அகிரா என்பது ஒருவரின் பெயர் அன்று; இரு பெண் ஓவியர்கள் இணைந்து பயன்படுத்தும் புனைபெயர். செல்டா வரிசையின் பல விளையாட்டுகளை அவர்கள் மங்காவாக வடித்திருக்கின்றனர். இங்கு எடுத்துக்கொள்ளப்படும் கேள்விகளின் முழு அழுத்தம் விளையாட்டையும் இந்தச் சிறு மங்காவையும் ஒன்றாக வைத்து நோக்கும்போதே புலப்படுகிறது.

விளையாட்டின் முன்னுரை கூறும் கதை இதுதான். விரும்பியதை நிறைவேற்றித்தரும் ட்ரைஃபோர்ஸ் என்னும் தெய்வப்பொருளைக் கைப்பற்றுவதற்காக, டிமைஸ் என்னும் அசுரன் தலைமையில் தீய படைகள் பூமியின் பிளவிலிருந்து எழுந்து வந்து உயிர்களைக் கொன்று குவிக்கின்றன. அப்பொருளைக் காக்கும் பொறுப்பேற்றிருந்த ஹைலியா என்னும் தேவி, எஞ்சிய மனிதர்களை ஒரு நிலத்துண்டின்மேல் திரட்டி, ட்ரைஃபோர்ஸையும் அவர்களோடு சேர்த்து, மேகங்களுக்கு அப்பால் உயர்த்திவிடுகிறாள். பின்னர் நிலத்தில் எஞ்சிய பிற இனங்களோடு சேர்ந்து போரிட்டுத் தீமையைச் சிறைப்படுத்துகிறாள். உயர்த்தப்பட்ட அந்நிலமே ஸ்கைலாஃப்ட். பல தலைமுறைகளுக்குப் பின் அங்கு வாழ்வோர், தேவியின் பெருஞ்சிலையைச் சுற்றி வீடுகளும் கடைத்தெருவும் வீரர் பயிற்சிக்கூடமும் அமைத்து, லாஃப்ட்விங் என்னும் பெரும்பறவைகளில் ஏறிப் பறந்து, அச்சமின்றி வாழ்கின்றனர். கீழே விரிந்து கிடக்கும் மேகப்பரப்பை அவர்களின் பறவைகளால் கடக்க இயலாது. அதற்குக் கீழே நிலம் என்று ஒன்று உண்டு என்பது பெரும்பாலோருக்குப் பழங்கதை. பயிற்சிக்கூடத் தலைவர் கேபோரா போன்ற மிகச் சிலரிடம் மட்டும் வழிவழியாகக் காக்கப்பட்டு வரும் இரகசியம்.

மங்கா இந்தச் சித்திரத்தில் விளையாட்டில் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறது. தீவு உயர்த்தப்படுவதற்கு முன், அந்தப் போரில் மக்களுக்காக வாளேந்திய முதல் வீரன், லிங்க் என்னும் பெயருடையவன், செய்யாத குற்றத்துக்காகத் தன் மக்களாலேயே சிறையில் அடைக்கப்பட்டிருந்தவன். அழிவு வாசலுக்கு வந்தபிறகே அவன் விடுவிக்கப்படுகிறான். விடுவித்தவர்கள் அவனிடம் கேட்பது தங்களைக் காக்க வேண்டும் என்பதையே. தேவி அளிக்கும் வாளை ஏந்தி, செந்நிற லாஃப்ட்விங் துணைநிற்க, அவன் போரிடுகிறான், படுகாயமுற்று உயிர்விடுகிறான். அவனைத் தன் வீரனாகத் தேர்ந்த தேவி, தானும் ஒரு நாள் மனிதப் பிறவியெடுத்து அவனை மீண்டும் சந்திப்பதாக உறுதி கூறுகிறாள். நிலம் மேலெழுகிறது, காலம் உருண்டோடிய பின், அதே பெயருடைய ஓர் இளைஞன் ஸ்கைலாஃப்டில் வாழ்வதோடு கதை விளையாட்டின் தொடக்கத்தை வந்தடைகிறது. இந்தச் சேர்க்கையால் தீவின் பொருளே மாறிவிடுகிறது. விளையாட்டில் அது தெய்வக் கருணையின் அடையாளம். மங்காவைப் படித்தவருக்கோ அது, அநீதி இழைக்கப்பட்ட ஒருவனின் சாவின்மேல் நிற்கும் புகலிடம்.

வானத்துக்கும் நிலத்துக்கும் இடையிலான உறவு ஜப்பானியத் தொன்மத்தில் பெற்றிருக்கும் இடத்தை இங்குக் கருத வேண்டும். கி.பி. 712இல் தொகுக்கப்பட்ட 'கோஜிகி' என்னும், எஞ்சியுள்ளவற்றுள் ஜப்பானின் மிகப் பழைய நூலில், தெய்வங்கள் வாழும் உயர்வெளி தகாமகஹாரா எனப்படுகிறது. இஸநாகி, இஸநாமி என்னும் இணைத் தெய்வங்கள் வானில் மிதக்கும் பாலத்தின்மீது நின்று, மணிகள் பதித்த ஈட்டியால் கடலைக் கலக்கி முதல் தீவை உண்டாக்குகின்றன. கதிரவ தேவியான அமதெராசுவின் பேரன் நினிகி, நிலத்தை ஆள்வதற்காக வானிலிருந்து தகச்சிஹோ மலையில் இறங்குகிறான். இக்கதைகளில் வானம், கதை தொடங்கும் இடம். கதை நிறைவேறும் இடம் நிலம். ஐரோப்பிய இலக்கியத்தின் பெயர்பெற்ற வானத்தீவு இதற்கு நேர்மாறான இயல்புடையது. ஜோனதன் ஸ்விஃப்ட் 1726இல் வெளியிட்ட 'கல்லிவரின் பயணங்கள்' நூலில் வரும் லபுதா, காந்தக்கல்லின் ஆற்றலால் மிதந்தபடி, கீழே கலகம் செய்யும் ஊர்களின் வெயிலையும் மழையையும் மறைத்துத் தண்டிப்பது; தேவைப்பட்டால் அவற்றின்மேல் இறங்கி நசுக்கிவிடக்கூடியது. அந்தப் பெயரையே கடன்வாங்கி மியாசாகி ஹயாவோ 1986இல் இயக்கிய அசைவுப்படம், நிலத்தைப் பிரிந்து வானில் வாழ முற்பட்ட பேரரசு ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டது. உயரத்தில் இருப்பது ஆதிக்கமாகலாம், பிரிவாகலாம், காப்பாகலாம். ஸ்கைலாஃப்ட் காப்பாகத் தொடங்குகிறது. காப்பு என்பதாலேயே அதன் அறச்சிக்கல் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை.

முதல் சிக்கல் அறியாமை பற்றியது. பிளேட்டோ தம் 'குடியரசு' நூலின் ஏழாம் பகுதியில் குகையொன்றை உருவகமாகக் காட்டுகிறார். அதில் கட்டுண்டு கிடப்பவர்கள் சுவரில் விழும் நிழல்களையே உண்மையென நம்புகின்றனர், விடுபட்டவரோ மேலேறி வெளிச்சத்தைக் காண்கிறார். ஸ்கைலாஃப்ட் இந்த உருவகத்தைத் தலைகீழாக்குகிறது. அங்கு மக்கள் வாழ்வது முழு வெளிச்சத்தில். மறைந்திருப்பது கீழே, மேகத்துக்கு அடியில். அறியாதவர்கள் துன்புறவும் இல்லை; எனவே அறியத் தூண்டும் வலியும் அவர்களுக்கு இல்லை. தம் நல்வாழ்வே தம் அறியாமையைக் காக்கும் அரணாகிவிட்ட நிலை குகையைவிடக் கடினமானது. ஏனெனில் கட்டுண்டவர் தம் கட்டை என்றேனும் உணரக்கூடும், நிறைவாக வாழ்பவர் எதை உணர்ந்து புறப்படுவார்? விளையாட்டின் தொடக்கத்தில் மேகத்துக்குக் கீழே என்ன இருக்கும் என்று வியந்து பேசும் இளம்பெண் செல்டா ஒரு விதிவிலக்காகவே தோன்றுகிறாள்.

சமய மெய்யியலில் 'தெய்வத்தின் மறைவு' என்று ஒரு சிக்கல் பேசப்படுகிறது. கனடிய மெய்யியலாளர் ஜே. எல். ஷெல்லன்பெர்க் 1993இல் வெளியிட்ட நூலில் இதை முறையான வாதமாக்கினார்: அன்பே வடிவான கடவுள் இருப்பின், அவரோடு உறவுகொள்ள மனமுடைய எவருக்கும் அவர் தம்மை மறைத்துக்கொள்ள மாட்டார், மனமிருந்தும் அறியாதிருப்போர் உலகில் உள்ளனர், எனவே அத்தகைய கடவுள் உண்டு என்பது ஐயத்துக்குரியது என்பது அதன் சாரம். ஸ்கைலாஃப்டில் இவ்வாதம் வேறொரு திருப்பம் பெறுகிறது. அங்குத் தேவி மறைந்திருக்கவில்லை. ஊரின் மிக உயர்ந்த சிலை அவளுடையதே, ஆண்டு விழாவும் அவள் பெயரால்தான். அவள் மறைத்தது தன்னை அன்று, தன் செயலின் காரணத்தை. வழிபாடு முழுமையாக இருக்கிறது. எதற்காக வழிபடுகிறோம் என்பது மட்டும் இல்லை. காரணம் மறைந்த இடத்தில் நன்றி மெல்லப் பழக்கமாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு சமூகம் தன் தெய்வத்தை மறப்பதைவிட, அத்தெய்வம் தனக்காகச் செய்ததையும் அச்செயலுக்குக் கொடுக்கப்பட்ட விலையையும் மறப்பதே நுட்பமான இழப்பு.

அந்த விலையின் ஒரு பகுதி கீழேயே விடப்பட்டவர்களால் செலுத்தப்பட்டது. தேவி உயர்த்தியது மனிதர்களை மட்டுமே. காட்டில் வாழும் கிக்விகள், எரிமலைப் பகுதியின் மோக்மாக்கள், நீரில் வாழும் பரெல்லாக்கள் ஆகியோர் நிலத்திலேயே இருந்தனர். நிலத்தின் இனங்கள் தேவியோடு தோள்சேர்ந்து போரிட்டன. பெருவெள்ளக் கதைகளில் வரும் பேழை எல்லா உயிர்வகைகளுக்கும் இடமளிக்க முயல்கிறது. வெள்ளம் வடிந்ததும் அது நிலத்தில் தங்குகிறது. ஸ்கைலாஃப்ட் என்னும் பேழையோ ஓரினத்தை மட்டும் ஏற்றிக்கொண்டது. ஆபத்து சிறைப்படுத்தப்பட்ட பின்னும் இறங்கவில்லை. தேர்ந்தெடுத்துக் காப்பது தவறு என்று இதனால் சொல்லிவிட முடியாது. ஆற்றலுக்கு எல்லையுள்ள எவரும், அவர் தெய்வமே ஆயினும், தேர்ந்தே ஆக வேண்டும். ஆனால் தேர்வின் பயனைப் பெற்றவர்கள், தேரப்படாதவர்கள் உண்டு என்பதையே அறியாமல் வாழும்போது, காப்பு என்பது சலுகையின் இயல்பைப் பெற்றுவிடுகிறது.

இரண்டாவது சிக்கல் கடன் பற்றியது. இதை எழுப்புவது மங்கா. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரெனே ஜிரார், 1972இல் வெளிவந்த 'வன்முறையும் புனிதமும்' முதலிய நூல்களில், மனிதச் சமூகங்கள் தம்முள் பெருகும் பகையை ஒரு தனி ஆளின்மேல் ஏற்றி, அவரை விலக்கியோ கொன்றோ அமைதி அடைகின்றன என்றும், பின்னர் அந்தப் பலியாளையே புனிதமாக்கித் தாம் செய்ததை மறைத்துவிடுகின்றன என்றும் வாதிட்டார். பலியானவர் குற்றமற்றவர் என்ற உண்மை வெளிப்படும்போதே இந்தச் சுழற்சி உடையும் என்பது அவர் கருத்து. மங்காவின் முதல் வீரன் இந்த இலக்கணத்துக்குப் பெருமளவு பொருந்துகிறான். குற்றமற்ற ஒருவனைச் சமூகம் சிறையிலிடுகிறது. தேவை வந்ததும் அவனையே மீட்பனாக்குகிறது. அவன் இறந்தபின் அவன் பெயரில் ஒரு மரபு உருவாகிறது.

ஸ்கைலாஃப்டின் ஆண்டு விழா இதற்கு நல்ல சான்று. பறவைப் போட்டியில் வென்றவனுக்கு, தேவியின் வேடம் ஏற்ற பெண் ஒரு பாய்த்துணியைப் பரிசளிக்கிறாள். பழங்காலத்தில் தேவி தான் தேர்ந்த வீரனுக்கு அத்தகைய துணியை அளித்தாள் என்பது அச்சடங்கின் பின்னுள்ள மரபு. ஆகவே தீவு வீரனை முற்றிலும் மறந்துவிடவில்லை. தேவி அவனுக்குக் கொடுத்தது என்ன என்பது சடங்காக ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது. மக்கள் அவனுக்குச் செய்தது என்ன என்பதற்கு எந்தச் சடங்கும் இல்லை. நினைவின் இந்தத் தேர்வு, மனிதச் சமயங்கள் பலவற்றிலும் காணக்கூடியது. அருளைக் கொண்டாடும் விழாக்கள் எங்கும் நிறைந்திருக்க, அந்த அருள் தேவைப்படும் நிலைக்குத் தம்மைக் கொண்டுவந்த தவறுகளை ஏற்றுக்கொள்ளும் விழாக்கள் அவற்றைவிடக் குறைவு. வீரனைப் போற்றுவது அவனுக்கு இழைத்த அநீதிக்கு ஈடாகாது. சிலவேளைகளில் போற்றுதலே அநீதியை மூடும் திரையாகிவிடும்.

மூன்றாவது சிக்கல் தேவியையே நோக்கியது. மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் நடத்தக் கூடாது, அவர்களைத் தம்மளவிலேயே நோக்கமாகவும் மதிக்க வேண்டும் என்பது இம்மானுவேல் காண்ட் 1785இல் வெளியிட்ட நூலில் வகுத்த அறநெறி. ஹைலியாவின் திட்டம் இந்த நெறிமுன் நிற்க இயலாதது. ட்ரைஃபோர்ஸ் தெய்வங்களால் படைக்கப்பட்டதாயினும் தெய்வங்களால் பயன்படுத்த முடியாதது; மனிதரே அதை இயக்க முடியும். டிமைஸை முற்றிலும் அழிக்க அது தேவை. அதை ஏந்த முறியாத உள்ளம் கொண்ட ஒரு மனிதன் தேவை. எனவே தேவி தன் தெய்வ நிலையைக் கைவிட்டு, ஸ்கைலாஃப்டில் கேபோராவின் மகள் செல்டாவாகப் பிறக்கிறாள். புனித ஊற்றுகளில் தூய்மை பெற்றபின் பழைய நினைவுகள் திரும்ப, அவள் இளைஞன் லிங்கிடம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறாள்: தன்னைக் காப்பதற்காக அவன் எந்த ஆபத்துக்குள்ளும் தயங்காமல் இறங்குவான் என்பதைத் தேவி முன்பே அறிந்திருந்தாள், அந்த அன்பைத் தன் திட்டத்துக்குப் பயன்படுத்திக்கொண்டாள். இதைச் சொல்லி அவள் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்கிறாள்.

தெய்வம் மனிதனிடம் மன்னிப்புக் கேட்கும் இந்த இடமே கதையின் சமயச் சிந்தனை உச்சம் பெறும் இடம். தேவியாக இருந்தபோது அவளால் ஒரு நிலத்தையே வானுக்கு உயர்த்த முடிந்தது. ஆனால் தான் பயன்படுத்திய மனிதனிடம் தவறை ஒப்புக்கொள்வதற்கு அவள் மனிதப்பெண்ணாக வேண்டியிருந்தது. எல்லாம் அறிந்து, எல்லாம் வல்லதாய், எவருக்கும் கடன்படாததாய் இருக்கும் ஒன்று, நல்லதைச் செய்ய முடியும், நீதி வழங்கவும் முடியும். ஆனால் 'உனக்கு நான் தீங்கிழைத்தேன்' என்று சொல்லும் நிலைக்கு அது வருவதில்லை. மன்னிப்புக் கேட்பது சமநிலையை முன்கொள்கிறது. மறுக்கப்படக்கூடிய அபாயத்தை ஏற்கிறது. அந்த அபாயத்தை ஏற்கும் ஆற்றல் மனிதருக்கே உரியது என்பதைக் கதை கூறாமல் கூறுகிறது.

தெய்வம் மனிதராதல் என்பதைச் சமய மரபுகள் வெவ்வேறு வகையில் விளங்கிக்கொண்டிருக்கின்றன. கிறித்தவ இறையியலில் 'கெனோசிஸ்' என்னும் கோட்பாடு உண்டு. பவுல் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்திலிருந்து எழுந்த இது, இறைமகன் தம்மையே வெறுமையாக்கி அடிமையின் நிலையை ஏற்றார் என்பதைக் குறிப்பது. மனிதராவதற்காக அவர் தம் இறைத்தன்மையின் பண்புகளில் எவற்றையேனும் உண்மையிலேயே கைவிட்டாரா என்பது 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய இறையியலாளர்களிடையே பெரும் விவாதமாயிற்று. வைணவ மரபின் அவதாரக் கொள்கை இதிலிருந்து வேறுபடுவது: பகவத்கீதையின் நான்காம் அத்தியாயத்தில் கண்ணன், தன் பிறவிகள் அனைத்தையும் தான் அறிவதாகவும் அருச்சுனன் அறியமாட்டான் என்றும் கூறுகிறான், அங்கு இறங்கி வருதல் அறிவிழத்தல் அன்று. ஹைலியாவின் இறக்கம் முதல்வகைக்கு நெருக்கமானது. அவள் மறந்து பிறக்கிறாள். ஒரு தந்தையின் மகளாக வளர்கிறாள். நினைவு திரும்பியபின்னும் தெய்வமாக மாறிவிடாமல், தேவியின் நினைவுகளைச் சுமக்கும் பெண்ணாகவே இருக்கிறாள். சிறையின் கட்டு அவிழாதிருக்க, பல்லாயிரம் ஆண்டுகள் ஒளிப்படிகத்துள் உறங்கும் தண்டனை போன்ற கடமையையும் தானே ஏற்கிறாள். தான் கேட்ட தியாகத்துக்கு இணையான ஒன்றைத் தானும் தருவதாலேயே அவளுடைய மன்னிப்புக் கோரல் சொல்லளவில் நின்றுவிடவில்லை.

இறக்கத்தின் மறுபக்கத்தையும் இந்த விளையாட்டு காட்டுகிறது. ஸ்கைலாஃப்டின் இடுகாட்டுக்கு அடியில் பாட்ரோ என்னும் அரக்கன் ஒளிந்து வாழ்கிறான். தோற்றம் அச்சுறுத்துவது, உள்ளமோ மென்மையானது. மனிதனாக மாறி ஊராரோடு பழக வேண்டும் என்பதே அவன் விருப்பம். மக்கள் ஒருவருக்கொருவர் செய்யும் உதவிகளிலிருந்து எழும் நன்றி, மணிகளாகத் திரண்டு, அவற்றுள் எண்பது சேரும்போது அவன் விருப்பம் நிறைவேறுகிறது. தேவி காத்த புனித நிலத்தின் அடியிலேயே ஓர் அரக்கன் இருந்தான் என்பதும், அவனால் யாருக்கும் கேடு நேரவில்லை என்பதும், தீமையை நிலத்திலும் நன்மையை வானிலும் பிரித்து வைத்துவிட்டதாகக் கருதிய எண்ணத்தைக் கலைத்துவிடுகின்றன. மேலிருந்து தெய்வம் மனிதராகிறது, கீழிருந்து அரக்கன் மனிதனாகிறான். இரண்டு பயணங்களும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. இக்கதையுலகில் மனிதப்பிறவி என்பது தெய்வத்துக்கும் அரக்கனுக்கும் இடைப்பட்ட குறைநிலை அன்று. கடன்படவும் கடன்தீர்க்கவும் நன்றி கொள்ளவும் இயலும் ஒரே நிலை அதுவே.

இவ்வாறு தீவின்மேல் குற்றம் சுமத்துவதற்கு எதிராகச் சில வலுவான மறுப்புகள் உண்டு. தேவி நிலத்தை உயர்த்தாமல் இருந்திருந்தால் குற்றம் சொல்வதற்குக்கூட எவரும் எஞ்சியிருக்க மாட்டார்கள் என்பது முதலாவது. இதை மறுக்க இயலாது; உயர்த்தியது தவறன்று. தவறு, உயர்த்தியதையே முடிவாகக் கொள்வதில் இருக்கிறது. மேகத்தடை நீங்கியிருந்தால் பொறுமையற்றவர்கள் கீழிறங்கி அழிந்திருப்பார்கள், எனவே அறியாமையும் காப்பின் பகுதியே என்பது இரண்டாவது. இதில் உண்மை உண்டு. ஆனால் வழியை அடைப்பதும் வரலாற்றை அடைப்பதும் ஒன்றல்ல. கீழே இறங்க முடியாதவர்களுக்கும் கீழே என்ன நடந்தது என்பதை அறியும் உரிமை உண்டு. மூன்றாவது மறுப்பே மிகக் கடினமானது: முதல் வீரனைச் சிறையிட்டவர்கள் என்றோ இறந்துவிட்டனர்; அவர்களின் வழித்தோன்றல்கள்மேல் எந்தக் குற்றத்தைச் சுமத்த முடியும்?

ஜெர்மானிய மெய்யியலாளர் கார்ல் யாஸ்பர்ஸ், நாஜி ஆட்சியின் கொடுமைகளுக்குப் பின் 1946இல் எழுதிய நூலில், குற்றத்தைச் சட்டக் குற்றம், அரசியல் குற்றம், ஒழுக்கக் குற்றம், மெய்யியற் குற்றம் என நான்காகப் பிரித்தார். ஒரு மக்கள் கூட்டத்தின் ஒவ்வொருவரையும் குற்றவாளி ஆக்குவதும் தவறு, எவருக்கும் எந்தப் பொறுப்பும் இல்லை என்பதும் தவறு என்பதே இப்பகுப்பின் நோக்கம். இந்த அளவுகோலின்படி ஸ்கைலாஃப்டின் இளைய தலைமுறையினர் குற்றமற்றவர்கள். ஆனால் செய்யாத குற்றத்தின் பயனை நுகர்பவர்களுக்குக் குற்றம் இல்லையாயினும் கடன் உண்டு. தந்தை கட்டிய வீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அதன்மீதுள்ள அடைமானத்தை மறுக்கும் மகனின் வாதம் வழக்குமன்றத்தில் எப்படி நிற்காதோ, அப்படியே புகலிடத்தை மரபுரிமையாகப் பெற்று அதன் கடனை மட்டும் மறுப்பதும் நிற்காது. அந்தக் கடனை அடைப்பதற்கு முதற்படி அறிதல். அடுத்த படி இறங்குதல்.

இறங்குதலின் சமயப்பொருளை விளக்க ஜப்பானின் சொந்த மரபே துணை செய்கிறது. 1173 முதல் 1263 வரை வாழ்ந்த ஷின்ரான், ஜப்பானியத் தூயநிலப் பௌத்தத்தின் தலையாய சிந்தனையாளருள் ஒருவர். அமிதா புத்தரின் அருளால் உயிர்கள் தூயநிலம் என்னும் துன்பமற்ற உலகில் பிறக்கின்றன என்பது இம்மரபின் அடிப்படை நம்பிக்கை. ஷின்ரான் இதற்கு இரு திசைகள் உண்டு என்று வலியுறுத்தினார்: துன்ப உலகிலிருந்து தூயநிலத்துக்குச் செல்லும் முகம் ஒன்று, அங்கிருந்து பிற உயிர்களை உய்விப்பதற்காக இவ்வுலகுக்கே திரும்பி வரும் முகம் மற்றொன்று, இரண்டுமே அமிதாவின் அருளால் ஆவன. தூயநிலம் மேற்கே இருப்பதாகச் சொல்லப்படுவது, வானில் மிதப்பது அன்று. விளையாட்டை உருவாக்கியவர்கள் ஷின்ரானை மனத்தில் கொண்டார்கள் என்று சொல்வதற்கும் இடமில்லை. எனினும், துன்பமற்ற இடத்தை அடைதல் பாதி, அங்கிருந்து திரும்புதலே மறுபாதி என்னும் இந்தச் சிந்தனை, ஸ்கைலாஃப்டின் குறையைத் துல்லியமாகக் காட்டிவிடுகிறது. தீவுக்கு முதல் முகம் கிடைத்தது. பல தலைமுறைகளாக இரண்டாம் முகம் கிடைக்கவில்லை.

கதையின் முடிவில் அது கிடைக்கிறது. ட்ரைஃபோர்ஸைப் பெற்றபின், தேவியின் சிலை நின்றிருந்த நிலப்பகுதி ஸ்கைலாஃப்டிலிருந்து பிரிந்து கீழே விழுந்து, சிறையிலிருந்து வெளிவரத் துடிக்கும் அசுரனை நசுக்குகிறது. ஸ்விஃப்டின் லபுதா குடிமக்கள்மேல் விழுந்து நசுக்க வல்லது. ஸ்கைலாஃப்டிலிருந்து விழும் பகுதியோ, குடிமக்களைக் காக்கத் தன் மிகப் புனிதமான இடத்தையே இழக்கிறது. அதன் பின்னும் மீண்டெழும் டிமைஸ் இறுதியில் இறக்கும்போது, தன் வெறுப்பு மீண்டும் மீண்டும் பிறந்து தேவியின் குருதியையும் வீரனின் உள்ளத்தையும் தொடரும் என்று சபிக்கிறான். அந்தச் சாபத்தை அறிந்தபின்னும் செல்டா வானுக்குத் திரும்பாமல் நிலத்திலேயே வாழ முடிவு செய்கிறாள், லிங்கும் உடனிருக்கிறான். தீமை முற்றிலும் நீங்கிவிட்ட நிலத்தில் அவர்கள் குடியேறவில்லை. தீமை மீண்டும் வரும் என்று உறுதியாகத் தெரிந்த நிலத்தில் குடியேறுகிறார்கள். ஆபத்து இல்லாத இடத்தைவிட, பொறுப்பு உள்ள இடத்தை அவர்கள் தேர்கிறார்கள்.

ஆகவே, மீட்சி என்பது ஓர் இடமா என்ற தொடக்கக் கேள்விக்கு, இந்தப் புனைவின்வழி பெறக்கூடிய விடை தெளிவானது. இடம் காப்பைத் தரும், மீட்சியைத் தராது. காக்கப்பட்டவர் தமக்காகச் செலுத்தப்பட்ட விலையை அறிந்து, அதைச் செலுத்தியவரின் பெயரை அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியோடு சேர்த்து நினைந்து, விடப்பட்டவர்களிடம் திரும்பிச் செல்லும்போதே மீட்சி நிறைவுறுகிறது. காப்பவருக்கும் இதே அளவு கடமை உண்டு. அடைக்கலம் தருவது தெய்வமாயினும், அரசாயினும், சமய நிறுவனமாயினும், பெற்றோராயினும், அதன் காரணத்தை மறைத்துவிட்டு நன்றியை மட்டும் எதிர்பார்ப்பது அடைக்கலம் பெற்றவரைக் குழந்தைகளாகவே வைத்திருப்பதாகும். ஹைலியாவின் பெருமை ஒரு நிலத்தை வானுக்கு உயர்த்தியதில் இல்லை; உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் அளவுக்குத் தன்னைத் தாழ்த்திக்கொண்டதில்தான் இருக்கிறது. தாம் வாழும் பாதுகாப்பான இடம் எவருடைய இழப்பின்மேல் நிற்கிறது என்று கேட்டறிவது, வழிபாட்டுக்குப் பிந்திய கடமை அன்று. வழிபாட்டின் முதற்பகுதியே அது.